ஓரகத்தியின் நிழல்

கம்பெனி எங்கள் ஊருக்குச் செய்திருக்கும் நன்மைகளை எல்லாம் இந்த வருஷம் அளந்து அறிக்கையாகப் போடப்போகிறோம் என்று அபிநயா மேடம் மைக்கில் சொல்லிவிட்டுப் போன மாசி மாதத்தில்தான், என் ஓரகத்தி கோகிலவாணியின் நிழல் குளிர்ந்துபோனது. அதை முதலில் கண்டுபிடித்தவை என் கோழிகள். நான் தவிடு பிசைந்து வைத்து, நான் பஞ்சாரத்தில் கவிழ்த்து, நான் நாயிடமிருந்து காப்பாற்றி வளர்த்த கோழிகள், அவள் வாசலில் நின்று காயப்போட்ட மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஒவ்வொன்றாக என் பக்கத்திலிருந்து எழுந்து நடந்துபோய், அவள் நிழலுக்குள் இறக்கையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. அவள் ஓரடி நகர்ந்தால் அவையும் எழுந்து ஓரடி நகர்ந்து மறுபடி உட்கார்ந்தன.

"ஏனுங்க்கா, உங்க கோழிக்கெல்லாம் என்னமோ ஆயிப்போச்சு. என் காலையே சுத்துதுங்க."

"தீனி போடுவீன்னு சுத்தும். முடுக்கி விடு."

முடுக்கக் குனிந்தவளின் கை தரையில் பட்டது. அப்படியே நின்றுவிட்டாள். "இங்க வந்து தொட்டுப் பாருங்களேன்" என்றாள். தொட்டேன். சுற்றிலும் வாசல் தோசைக்கல்லாகக் காய்ந்துகொண்டிருக்க, அவள் நிழல் விழுந்த இடம் மட்டும் தண்ணீர்ப்பானைக்குக் கீழே கொட்டிவைத்த மணல்போல் இருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கரூருக்குத் தெற்கே, ரயில்பாதைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். வெளிநாட்டுச் சமையலறைகளுக்குத் துண்டும் ஏப்ரனும் தைத்து அனுப்புகிற கம்பெனி வந்த பிறகு ஊரில் எல்லாரும் அங்கேதான். வாணி தையல் செக்‌ஷன், நான் செக்கிங் செக்‌ஷன். தைத்து வருகிற துணியை மேசையில் விரித்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, தையல் விட்ட இடத்திலும் கறை பட்ட இடத்திலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் கூடையில் போடுவது என் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அதுவே போதும் என்று இருந்தேன். அவள் கட்டியது என் வீட்டுக்காரரின் தம்பியை. எதிரெதிர் வீடு, ஒரே வாசல், நடுவில் சுவர் கிடையாது. அவள் வீட்டில் தாளிக்கிற வாசனை என் வீட்டுச் சோற்றில் விழும். என் வீட்டில் நான் அழுதால் அவளுக்குக் கேட்கும். அதற்காகவே நான் அழாமல் இருந்த நாட்கள் உண்டு.

ஊர் அந்த நிழலை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ரேஷன் கடையில் புதிதாகப் பாமாயில் போட ஆரம்பித்தபோது எடுத்துக்கொண்ட மாதிரிதான் எடுத்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்தில் அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. பூக்காரி செல்லாயி காலையில் வந்து, "அம்மிணி, சித்தே இப்படித் திரும்பி நில்லு சாமி" என்று கேட்டு, கூடையை நிழலில் வைத்துக்கொண்டு பூக் கட்டினாள். அந்தப் பூ சாயங்காலம் வரைக்கும் வாடவில்லை. வேர்க்குரு வந்த குழந்தைகளைக் கொண்டுவந்து அதில் படுக்கவைத்தார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகை வைக்கும்போதே, மோர்ப்பானைக்குப் பக்கத்தில் கொஞ்சநேரம் நிற்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த நிழலைச் செருப்புக்காலால் மிதிக்கக் கூடாது என்று யாரும் சொல்லாமலே ஒரு வழக்கம் வந்தது. கொஞ்சநாளில் வேறு சிலருக்கும் குளிர்ந்தது. கம்பெனி முகாமில் கண் ஆபரேஷன் ஆகி இப்போது பேப்பர் படிக்கிற நாட்ராயன் நிழல், கிணற்றுப் படிக்கட்டு மாதிரி ஈரக் குளிர்ச்சி. கம்பெனி கட்டிக்கொடுத்த வகுப்பறையில் பாடம் எடுக்கிற டீச்சரம்மா நிழல், வேப்பமரத்தடி மாதிரி லேசான குளிர்ச்சி. எவர் உடம்பில் கம்பெனியின் நன்மை உண்மையாகவே போய்ச் சேர்ந்ததோ அவர் நிழல் குளிர்கிறது என்று டீக்கடையில் முடிவு செய்தார்கள். வாணிக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பையில் கட்டி வந்து, பிழைப்பாளா என்ற நிலையில், கம்பெனி இன்ஷூரன்ஸ்தான் கோயம்புத்தூரில் வைத்துக் காப்பாற்றியது. பிள்ளை இல்லை, உயிர் இருக்கிறது. அப்போது ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனவள் நான். சாகக் கிடந்து எழுந்தவளைப் பார்த்துப் பொறாமைப்படக் கூடாது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, கோழிகள் அவளிடம்தானே போகின்றன.

எனக்குக் கம்பெனி என்ன செய்தது என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஆயுதபூஜைக்கு ஒரு குக்கர், அதன் கைப்பிடி மூன்றாம் மாதம் கழன்றது. மரம் நடும் விழாவில் ஒரு புங்கங்கன்று, போட்டோ எடுத்த பிறகு ஆடு தின்றது. செக்கிங் செக்‌ஷனைக் காண்ட்ராக்டரிடம் மாற்றிவிட்டார்கள் என்பதால் இன்ஷூரன்ஸ் எங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் ஏதாவது கொஞ்சம் குளிர்ந்திருக்குமோ என்று, யாரும் இல்லாத நேரம் பார்த்து வெயிலில் நின்று, குனிந்து, என் நிழலை நானே தொட்டேன். கையை வெடுக்கென்று எடுத்தேன். வெயில் படுகிற இடத்தைவிட என் நிழல் சுட்டது.

அதுவும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. சாயக்கால்வாய் ஓரத்தில் தென்னை பட்டுப்போன தோட்டக்காரர்களுக்கும், தறியை விற்றுவிட்டுக் கம்பெனிக்குக் காவலுக்குப் போனவர்களுக்கும், எங்கள் செக்கிங் ஆட்கள் பலருக்கும் அப்படித்தான் என்று பேசிக்கொண்டார்கள். செல்லாயி வந்து, "கோவிச்சுக்காதே துளசிமணி, வடகம் புழிஞ்சு வெச்சிருக்கறேன், சாயங்காலம் மழை வரும்போல இருக்குது, சித்தே வந்து பக்கத்துல நிக்கறயா?" என்று கேட்டாள். கோபித்துக்கொண்டேன். ஆனால் போய் நின்றேன். வடகம் ஒரு நாழிகையில் காய்ந்தது.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது தாரணி. என் மகள், ஒரே பெண், அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் வீடு தகரக் கூரை. மத்தியானம் உள்ளே உட்கார்ந்தால் புத்தகத்தின் பசை இளகும். எதிரே வாணி தன் வாசலில் நின்று கொடியில் துணி போடுவாள், கம்பெனித் துணியில் நீட்டிக்கொண்டிருக்கிற பிசிறு நூலை வெட்டுவாள், சும்மாவும் நிற்பாள். அவள் நிழலில் என் பெண் பாயை விரித்துப் படித்தாள். முதலில் ஒரு மணி நேரம், பிறகு சாயங்காலம் முழுவதும். வெயில் சாயச் சாய நிழல் நீளும், பாய் தள்ளிப்போகும், சித்தியும் மகளும் எதையோ சொல்லிச் சிரிப்பார்கள். நான் இந்தப் பக்கம் பாத்திரம் விளக்கிக்கொண்டு, என்ன சிரிப்பு என்று காதைத் தீட்டுவேன். பள்ளிக்கூடத்தில் நடந்ததை என்னிடம் சொல்ல வாயைத் திறக்காதவள், அங்கே வாய் ஓயாமல் பேசினாள்.

"ஏன் கண்ணு, நம்ம வாசல்ல படிச்சா ஆகாதா?"

"நீ பக்கத்துல நின்னா வேகுதும்மா."

"நான் உள்ள போயிர்றேன், நீ இங்க படி."

"உள்ள இருந்து பத்துத் தடவை எட்டிப் பாப்பே. படிக்கற மாதிரியா இருக்கும்?"

பெற்றவள் எட்டிப் பார்ப்பது தப்பு. வாணி அங்கே அடுப்பை அணைத்தாளோ இல்லையோ, மணிக்கணக்காக அசையாமல் நிற்பது பாசம். சரி.

அபிநயா மேடம் மட்டும் ஊரிலேயே அதிக சந்தோஷமாக இருந்தார். சென்னையில் படித்து வந்த சின்னப் பெண். கம்பெனி சமூகத்துக்கும் மண்ணுக்கும் என்ன செய்கிறது என்று வருஷா வருஷம் எழுதுவதுதான் அவர் வேலை. இத்தனை கன்று நட்டோம், இத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்று எழுதி எழுதி, துண்டு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் "அதனால் யாருக்கு என்ன ஆயிற்று, அதைக் காட்டு" என்று திருப்பிக் கேட்டு, நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்துபோய் இருந்தவர். இப்போது கண்ணால் பார்க்கிற மாதிரி, கையால் தொடுகிற மாதிரி நன்மை ஊர்த் தெருவில் நடமாடியது. பங்குனியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"துளசிமணி அக்கா, அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன். பெங்களூரிலிருந்து ஒரு மேடமும், வெளிநாட்டிலிருந்து ஒரு சாரும் வர்றாங்க. நிழலை அளக்கப் போறாங்க. உங்களைவிட நல்ல செக்கர் இங்கே யாரும் இல்லை. யார் யாரை முன்னாடி நிறுத்தலாம்னு நீங்கதான் பார்த்துத் தரணும்."

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எங்கள் தொழிலில் அப்படித்தான். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எல்லா மூட்டையையும் பிரிக்க மாட்டார்கள், மேலாக நாலைந்தை எடுத்துப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் பாஸ் பண்ணுவார்கள். அதனால் நல்ல துணியை மேலே அடுக்கி, சுமாரானதைக் கீழே வைத்து, ரிஜெக்டைக் குடோனில் பூட்டுவோம். துணியை அடுக்கிய கை மனுஷரையும் அப்படியே அடுக்கும், அவ்வளவுதான்.

"சுடற நிழல் இருக்குதே, அதை எங்கீங்க மேடம் எழுதுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் முகம் வாடியது. கெட்ட பெண் இல்லை. "நானும் கேட்டேன் அக்கா. இந்தத் தடவை படிவத்தில் அதுக்குக் கட்டம் இல்லையாம்" என்றார்.

அந்த நாளில் ஊரே கம்பெனி மைதானத்துக்கு வந்தது. நான் இடுப்புப் பையில் ஸ்டிக்கரோடு வரிசையில் நடந்தேன். ஒவ்வொருவர் நிழலாகக் குனிந்து உள்ளங்கையால் தடவினேன். நாட்ராயன், பாஸ். டீச்சரம்மா, பாஸ். தென்னந்தோப்புக்காரர், சிவப்பு ஸ்டிக்கர், குடோன். வாணி நின்றாள். புதுச் சேலை கட்டியிருந்தாள், தலையில் என் வீட்டு மல்லிகை. தாரணி பறித்துக் கொடுத்திருப்பாள். குனிந்து கையை வைத்தேன். வெயிலில் வரிசை முழுவதும் தடவிக் கொப்பளித்திருந்த உள்ளங்கை, அவள் நிழலில் பட்டதும், எடுக்காதே என்று சொன்னது. எனக்கு அதுதான் ஆகவில்லை. ஸ்டிக்கரைப் பிய்த்து அவள் சேலை நுனியில் ஒட்டினேன்.

"ரிஜெக்ட்டு."

வாணி ஸ்டிக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க சொன்னாச் சரிங்க்கா" என்று சொல்லிவிட்டுக் குடோனை நோக்கி நடந்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். பின்னாலேயே கையில் புத்தகத்தோடு ஒரு உருவம் ஓடியது.

"தாரணி! நீ எங்கடி போறே? இங்க நில்லு, போட்டோ எல்லாம் எடுப்பாங்க!"

"சித்தி அங்க போறாங்கல்ல, நான் அங்கேயே படிச்சுக்கறேன்" என்று திரும்பாமலே சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"உங்க நிழலைப் பார்த்தாச்சா அக்கா?" என்று அபிநயா மேடம் கேட்டார். "பாஸ்" என்று சொல்லி முன்வரிசையில் நின்றுகொண்டேன்.

வந்தவர்கள் சாயங்காலம் நாலரைக்கு அளக்கத் தொடங்கினார்கள். வெளிநாட்டுக்காரர் நல்ல உயரம், தலையில் தொப்பி, கையில் இரும்பு டேப். தொட்டுப் பார்ப்பார்களே, தொட்டால் மாட்டிக்கொள்வேனே என்று பயந்துகொண்டு நின்றேன். அவர்கள் யாரும் குனிந்து தரையைத் தொடவில்லை. தொட்டுச் சொன்னால் அது ஒருவருடைய அபிப்பிராயம், அளந்து சொன்னால்தான் ஆதாரம் என்று அபிநயா மேடம் எனக்கு ரகசியமாக விளக்கினார். டேப்பின் ஒரு முனையைக் காலடியில் வைத்து, மறுமுனையைத் தலை நிழல் வரைக்கும் இழுத்து, நீளத்தை எழுதிக்கொண்டு போனார்கள். எங்கள் வம்சத்தில் எல்லாரும் நெட்டை. வரிசையிலேயே என் நிழல்தான் நீளம். வெளிநாட்டுக்காரர் டேப்பை இழுத்துக்கொண்டே போய் வேலியில் முட்டி நின்று, திரும்பி என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். என்னைத் தனியாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

குடோனில் நடந்ததைப் பிறகு சொல்லக் கேட்டேன். ஷட்டரை இழுத்து மூடியதும் உள்ளே இருட்டு. இருட்டில் ஒரு நிழலுக்கும் இன்னொரு நிழலுக்கும் எல்லை கிடையாது அல்லவா, வாணியின் நிழல் அந்தத் தகரக் கொட்டகை முழுவதும் பரவி நிறைந்துவிட்டதாம். கம்பெனி நாய் ஷட்டருக்குக் கீழே வருகிற காற்றில் மூக்கை வைத்துப் படுத்திருந்ததை நானே பார்த்தேன். எல்லாம் முடிந்து திறந்தபோது, உள்ளே போன ரிஜெக்ட் ஆட்கள் அத்தனை பேரும் ஏற்றுமதித் துண்டுகளைத் தோளில் போர்த்திக்கொண்டு, குளிரில் பல் தந்தியடிக்கச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். நடுவில் என் பெண் டார்ச் வெளிச்சத்தில் பாடம் முடித்த களையோடு வந்தாள். மைதானத்தில் பாஸான நாங்கள் வெயிலில் கருகிப்போய் நின்றோம்.

சித்திரையில் அறிக்கை வந்தது. வழுவழுப்பான தாள். அட்டையில் நான். என் காலடியிலிருந்து வேலி வரைக்கும் நீண்டு கிடந்த என் நிழல். கீழே, 'எங்கள் நன்மையின் நீளம்' என்று தமிழிலும் எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அச்சில் வந்துவிட்டதால் ஊருக்கு அதற்குமேல் சந்தேகம் இல்லை. மறுநாளே செல்லாயி கூடையோடு என் வாசலுக்கு வந்தாள். பஞ்சாயத்துத் தலைவர் ராசாக்கவுண்டர் நாற்காலியோடு வந்தார். வேர்க்குருப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள். என் நிழலில் நெருக்கியடித்து உட்கார்ந்து, வேர்வை மூக்கு நுனியில் சொட்டச் சொட்ட, "என்ன இருந்தாலும் அளந்த நிழலுக்கு ஈடாகுமா, குளுகுளுன்னு இருக்குது பாரு" என்று பேசிக்கொண்டார்கள். பூ ஒரு மணி நேரத்தில் கருகியது. இந்த வருஷம் திண்டுக்கல் பூவே சரியில்லை என்றாள் செல்லாயி. குழந்தைகள் வீரிட்டு அழுதன; பசியாக இருக்கும் என்றார்கள். எதிரே வாணி தன் வாசலில் தனியாக நின்று பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அறிக்கையில் இல்லாத நிழலில் உட்கார மரியாதைப்பட்டவர்கள் கூசினார்கள். படிக்கத் தெரியாத என் கோழிகளும், படித்துக்கொண்டே இருக்கிற என் மகளும்தான் அங்கே.

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஊரே வந்து என் காலடியில் கிடக்கிறது, என் பெண் எதிர்வாசலில் இருக்கிறாள். வாணி அவளுக்குத் தலை சீவி விடுகிறாள், எனக்கு நெஞ்சு எரிகிறது. நெஞ்சு எரிய எரிய நிழல் கொதிக்கிறது.

கத்திரி வெயிலின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வாக்கில், வழக்கம்போல் என் நிழலில் கூட்டம். நான் நிற்கிறேன், கால் கடுக்கிறது, உட்கார்ந்தால் நிழல் சுருங்கிவிடும் என்று விடமாட்டேன் என்கிறார்கள். தாரணி கக்கத்தில் புத்தகத்தோடு பாயிலிருந்து எழுந்து வாசலைக் கடந்து வந்தாள். ராசாக்கவுண்டருக்குப் பக்கத்தில் குத்தவைத்து, நான் துணியைத் தடவுகிற மாதிரியே உள்ளங்கையை விரித்து என் நிழலைத் தடவினாள். தடவி முடித்துவிட்டு லீவு நாளிலும் நான் கழற்றாத இடுப்புப் பைக்குள் கையை விட்டு ஒரு ஸ்டிக்கரை உருவி, என் நிழலின் நெற்றியில், சரியாகப் பொட்டு வைக்கிற இடத்தில் ஒட்டினாள்.

"சுடுதும்மா. இது ரிஜெக்ட்டு."

ராசாக்கவுண்டர்தான் முதலில் நெளிந்தார். "ஆமா அம்மிணி, எனக்கும் சித்தே சூடாத்தான் இருந்துச்சு" என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நான் அன்னைக்கே நினைச்சேன்" என்றாள் செல்லாயி, கூடையைத் தூக்கிக்கொண்டே. உயிர் வந்த மாதிரி ஒருவர்பின் ஒருவராக எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்வாசலுக்குப் போனார்கள். வாணியைச் சுற்றி இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு நடந்தது. என் முன்னால் காலியான நிழலும் சிவப்பு அம்பும் மட்டும் கிடந்தன.

எல்லாரையும் அனுப்பிவிட்டாள் தாரணி, இனி அவளும் போவாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அவள் போகவில்லை. உள்ளே சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அறிக்கையைக் கழற்றிவந்து சுடுகிற தரையில் போட்டு, அட்டைப்படத்தில் இருந்த என்மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து, பாடப் புத்தகத்தைப் பிரித்தாள்.

"எந்திரிடி. வெந்து போயிருவே."

"அங்க ஒரே கூட்டம். படிக்க முடியாது" என்றாள். பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "நீ அசையாம நின்னா இங்கயும் படிக்கலாம்" என்றாள்.

அவள் கழுத்தில் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே பார்த்தேன். வாணி ஊர் முழுவதையும் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள். செல்லாயி, தலைவர், குழந்தைகள், கோழிகள். அவர்கள் தலைகளுக்கு மேலாக அவள் என் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், என் பெண் ஒரு பக்கத்தைத் திருப்புவதையும் அடுத்த பக்கத்தைத் திருப்புவதையும். கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றிருந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மாசியிலிருந்து தினமும் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்ததுதான்.

தாரணியின் முதுகில் வெயில் படாதபடி நான் அரையடி நகர்ந்துகொண்டேன். கால் கடுத்தது, உச்சி காய்ந்தது, அடுப்பில் குழம்பு என்ன கதியில் இருக்கிறதோ என்று இருந்தது. இருக்கட்டும், வாணி இன்னும் கொஞ்சநேரம் பார்க்கட்டும் என்று பொழுது சாயும்வரை அங்கேயே நின்றேன்.